எட்டாவது எண்ணிக்கை

மார்கிறட்டுக்குக் கோபம் வந்தால், அவள் முத்திரை குத்துகிற சத்தத்திலேயே தபாற்கந்தோர் முழுக்க விளங்கிவிடும். அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் குத்திய குத்தில் மை தெறித்து, பக்கத்தில் நின்ற தபாற்காரர் சீனித்தம்பியின் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு விழுந்தது. மனிதர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். இருபது வருடச் சேவை அவருக்கு அந்தளவு புத்தியையாவது கொடுத்திருந்தது.

கோபத்துக்குக் காரணம் ஒரு சின்னப் பார்சல். அதைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தவள் காத்தான்குடி றஸீனா. பக்கத்துக் கதிரைக்காரி.

"அக்கா, வெளிநாட்டுப் பார்சல். உள்ளுக்குக் கசற் ஒண்டு இரிக்கு. நீங்கதான் கேட்டுப்போட்டு ஒப்பம் வெக்கணும்."

"ஆரு கொண்டுவந்த?"

"நீங்க தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் ஒரு ஆள் வந்து தந்திட்டு, பேயக் கண்டவன் மாதிரி ஓடிட்டார். கையெல்லாம் கிறீஸ்."

கையில் கிறீஸோடு திரிகிறவன் மட்டக்களப்பில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் மார்கிறட்டைக் கண்டு ஓடுகிறவன் ஒருவன்தான். படிவத்தைப் பார்த்தாள். அனுப்புநர்: பிலிப்பு, கல்லடி. வள்ளத்து எஞ்சின் திருத்துகிற பிலிப்பு, அவளுடைய தாய்மாமன் மகன். பெறுநர்: பற்றிக், நோர்வே. உள்ளடக்கம் என்ற இடத்தில், பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஒழுங்காக எழுதாத அந்தக் கோழிக்கிறுக்கலில் இப்படி இருந்தது: 'கசற் ஒன்று. சும்மா குழு. பாட்டில்லாத இசை.'

பாட்டில்லாத என்ற சொல்லை அவள் மூன்று தரம் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் சீனித்தம்பியின் சட்டையில் மை தெறித்தது.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. வெளிநாட்டுக்குப் போகிற பார்சலை ஒட்டாமல் திறந்தபடியே கொண்டுவரவேண்டும் என்றொரு கட்டளை. உள்ளே கசற் நாடா இருந்தால் யாராவது முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, அதற்குள் என்ன பேசப்படுகிறது என்று குறிப்பெழுதி ஒப்பம் வைக்கவேண்டும். தொடக்கத்தில் இராணுவ முகாமிலிருந்து ஒருவன் வந்து காதில் மாட்டிக்கொண்டு இருந்தான். தமிழும் தெரியாது, பொறுமையும் கிடையாது. ஜேர்மனியில் இருக்கிற மகனை ஒரு தாய் ஒன்றேகால் மணித்தியாலம் திட்டுகிற கசற் ஒன்று வந்த அன்று அவன் எழும்பிப் போனவன்தான், திரும்பி வரவேயில்லை. வேலை மார்கிறட்டின் தலையில் விழுந்தது. வெளியே சொல்லக்கூடாத வேலை, சொல்லவும் இல்லை. தாயிடம்கூட மூச்சு விடவில்லை. ஆகவே பிலிப்பு பாவம், அவள் கண்ணில் படாமல் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துத்தான் ஓடியிருப்பான். நேராக அவள் காதுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான்!

கடிதச் சாக்குகள் கிடக்கிற பின்னறையில் கந்தோருடைய றெக்கோடரைப் போட்டுக் கேட்டாள். மேளக் குச்சியும் குச்சியும் நாலு தரம் முட்டுகிற சத்தம். பிலிப்பு. பிறகு வவுணதீவு நல்லரத்தினத்தின் கிற்றார். வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவனுடைய விரல், அவசரம் என்பதே அதற்குத் தெரியாது. பிறகு ஓகன், விரலால் அழுத்துகிற கட்டைகளில் ஒன்று ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக அழுகிற ஓகன். அது களுதாவளை வல்லிபுரம் மாஸ்டருடையது. பதினைந்து வருடமாக அந்தக் கட்டையைத் திருத்தப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர்.

அவளுடைய ஆட்கள். அவளுடைய இசைக்குழு. அவள் மட்டும் இல்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்ததில் எதை முதலில் விடுவதென்று தெரியாமல், றெக்கோடரை நிறுத்தி, பார்சலைத் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள். படிவத்தில் 'சோதனை முடியவில்லை' என்று எழுதினாள்.

செய்தது சரியா என்றால் சரியில்லைத்தான். ஊரார் பார்சலை ஒருநாள்கூட மறித்து வைக்காதவள் அவள். ஆனால் ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

அவர்களுடைய குழுவுக்குப் பேர் நீர்க்காகம். எழுபத்தெட்டில் தொடங்கியது. ஊரெல்லாம் பைலா என்ற ஆட்டப்பாட்டு அடித்த காலத்தில் இந்த ஐந்து பேருக்கு மட்டும் வேறு பித்து. கப்பலில் வேலை செய்த யாரோ ஒரு மாமன் கொண்டுவந்து போட்ட வெளிநாட்டு இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, பாட்டென்றால் இருபது நிமிடம் போகவேண்டும், நடுவில் நாலு தரம் தாளம் மாறவேண்டும், கேட்கிறவனுக்கு எந்த இடத்தில் கைதட்டுவதென்றே தெரியக்கூடாது என்று முடிவுகட்டியிருந்தார்கள். அதற்கு புரோகிரசிவ் றொக் என்று பேராம். ஊரில் அதற்கு 'அந்த முடியாத பாட்டு' என்று பேர். களுதாவளையில் ஒரு கலியாண வீட்டில் இவர்கள் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் வாசிக்க, ஆட எழும்பிய மாப்பிள்ளையின் தாய்மாமன் கால் பின்னி, பந்தற்காலைக் கட்டிப்பிடித்தபடி விழுந்தார். அதற்குப் பிறகு கலியாண வீட்டார் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பாடுகிறவள் மார்கிறட். ஒரு பெண்பிள்ளை கிற்றார்க்காரருக்கு நடுவே நின்று பாடுவதா என்று கோயில் வாசலில் கதைத்தவர்களும் உண்டு. அவள் அசையவில்லை. ஆனால் அவளிடம் ஒரு குறை இருந்தது. சின்ன வயதில் இழுப்பு வந்த நெஞ்சு. ஒவ்வொரு அடியையும் எடுக்குமுன் நன்றாக ஒரு மூச்சு இழுக்கவேண்டும். அந்த மூச்சு முடிகிறபோது தாளம் போய்விடும். எப்போதும் ஒரு எண்ணிக்கை பிந்தித்தான் வருவாள். முதல் வருடம் முழுக்க இதே சண்டை. பிலிப்பு குச்சியைத் தூக்கி எறிந்திருக்கிறான், அவள் அதைப் பொறுக்கி அவனுக்கே திருப்பி எறிந்திருக்கிறாள். பிறகு ஒருநாள், யாரும் யாரிடமும் சொல்லாமலே அது சரியாகிவிட்டது. ஏழு, ஏழு, ஏழு என்று மூன்று சுற்று அடித்துவிட்டு, அவள் வரவேண்டிய நாலாவது சுற்றில் மட்டும் பிலிப்பு ஒரு எண்ணிக்கை கூட்டினான். எட்டு. மற்றவர்களும் கூட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு எண்ணிக்கைக்குள் அவள் மூச்சை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவாள். கொழும்பிலிருந்து வந்த வானொலிக்காரர் ஒருவர், "அந்த எட்டாவது எண்ணிக்கை இருக்கிறதே, என்ன அபாரமான சிந்தனை!" என்று வியந்தார். ஐந்து பேரும் தங்கள் தங்கள் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாட்டெழுதுகிறவர் வல்லிபுரம் மாஸ்டர். கணக்குப் படிப்பிக்கிறவர் கவிதை எழுதினால் எப்படியிருக்கும்? இப்படித்தான் இருக்கும்:

'மூன்றாம் வாசலில் மீனொன்று நிற்கும்,
கண்ணிலே ஒன்பது சாவி.
நீர் வற்றும் நாளிலே நாமதைத் திறப்போம்,
நித்திரை கொள்ளுவான் காவல்.'

பாடுகிறவளுக்கும் விளங்காது, கேட்கிறவர்களுக்கும் விளங்காது. விளங்கினால் அது பைலா என்பது மாஸ்டருடைய கொள்கை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது பாடியவள்.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை திரும்பத் தொடங்கி ஊர் சுற்றிவளைக்கப்பட்ட ஒரு நாளில், அவள் கைப்பையிலிருந்து பாட்டுக் கொப்பி பிடிபட்டது. கையெழுத்து அவளுடையது. முகாமில் நாலு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, கேள்விதான் கேட்டார்கள். எது மூன்றாம் வாசல்? எங்களுடைய முகாமின் மூன்றாவது கேற்றா? மீன் யாருடைய பேர்? ஒன்பது சாவியும் ஒன்பது ஆட்களா? நீர் வற்றுகிற நாள் என்ன தேதி? காவல்காரன் நித்திரை கொள்வான் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆள் மாறி ஆள் வந்து அதையே கேட்டார்கள். யார் எழுதியது என்றும் கேட்டார்கள். நான்தான் எழுதினேன் என்றாள். அர்த்தத்தைச் சொல் என்றார்கள். இல்லாத அர்த்தத்துக்கு அவள் எங்கே போவாள்?

ஐந்தாம் நாள் விட்டுவிட்டார்கள். குழுவின் ஐந்தாவது ஆளான பற்றிக் அதற்கு முந்தியே நோர்வே போய்விட்டான். மற்ற மூன்று பேரும் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதிரை விளிம்பில் இருந்தார்கள். மார்கிறட் சொன்னாள்: "நான் எழுதினதெண்டுதான் சொல்லியிரிக்கன். ஒருத்தரும் வாய் திறக்க வேணாம். இனி நான் பாடவும் மாட்டன், என்னட்டக் கேக்கவும் வேணாம்."

"சரி" என்றார்கள்.

மூன்று பேரும் ஒரே குரலில், சரி. வல்லிபுரம் மாஸ்டர் தேநீரைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனார். அந்தச் 'சரி' மூன்று வருடமாக அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. பாடமாட்டேன் என்று சொன்னவள் அவள்தான். ஆனால் ஒருவனாவது 'என்னகா விசர்க்கதை கதைக்கிறாய்' என்று ஏசியிருக்கலாமே! உண்மையிலேயே அவளுக்குப் பாட வரவில்லை. பூசையில் பாட வாயைத் திறந்தாலும், 'இதுக்கு என்ன அர்த்தம்' என்ற அந்தக் குரல் காதுக்குள் கேட்டு நெஞ்சு அடைத்துவிடும். அப்படியிருந்தும் ஒரு நாளைக்கு அவர்கள் வந்து கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. அவளில்லாமலே வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள், சும்மாவாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சோற்றுப் பார்சலை அவிழ்க்காமல் பின்னறைக்குள் போய்த் திரும்பவும் கேட்டாள். பிழை பிடிப்பதற்காகத்தான் கேட்டாள். நல்லரத்தினம் எங்கேயாவது தடுக்குவான், மாஸ்டர் எங்கேயாவது அளவுக்கு மிஞ்சி இழுப்பார், ஆகா நான் இல்லாவிட்டால் இவர்களால் ஏலாது என்று மனம் ஆறலாம் பாருங்கள். கோதாரி, நன்றாக இருந்தது! சும்மா நன்றாகவில்லை, முன்பு வாசித்ததைவிட நன்றாக இருந்தது. மழை வருமுன் வாவி கறுத்துக்கொண்டு வருவதுபோல ஓகன் அடியிலிருந்து எழும்ப, அதற்கு மேலே கிற்றார் தன்பாட்டில் நடந்து போனது. கேட்டுக்கொண்டே ஒரு விரலால் சாக்கில் தட்டிக்கொண்டிருந்தாள். பழக்கதோசம்.

றஸீனா படிவம் எடுக்க வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னக்கா எண்ணுறீங்க?"

"தாளம். ஏழு ஏழா வரும்."

"இப்ப எட்டுத் தட்டினீங்களே?"

"ஆரு, நானா? ஏழுதான்."

"அக்கா, எனக்கு ஒங்கட சங்கீதம் தெரியா. எண்ணத் தெரியும். முத்திரைக் கணக்கு எண்ணுற கண்ணு இது. மூணு தரம் ஏழு, ஒரு தரம் எட்டு."

மார்கிறட் நாடாவைச் சுற்றித் திரும்பப் போட்டாள். ஏழு. ஏழு. ஏழு. எட்டு. பற்றறி இறங்கி நாடா இழுபடுகிறதோ என்று புதுப் பற்றறி மாற்றிப் போட்டாள். ஏழு, ஏழு, ஏழு, எட்டு. கசற் முடியும்வரை எந்த இடத்திலும் தவறவில்லை.

உங்களுக்கும் எனக்கும் அது என்னவென்று இப்போதே தெரிந்திருக்கும். கோபத்தில் இருக்கிறவளுக்கு அப்படித் தெரியாதே! திக்குவாயனுக்கு முன்னால் திக்கிக் காட்டுகிறவர்களைப்போல, இவர்கள் தன்னுடைய குறையை எடுத்து நையாண்டி பண்ணி நோர்வேக்கு அனுப்புகிறார்கள் என்றே அவளுக்குப் பட்டது. பற்றிக் அதைக் கேட்டு, 'ஹா, இது மார்கிறட் பிந்துற இடமல்லவா' என்று சிரிப்பான். கையில் எடுத்த சோற்றுப் பார்சலை அப்படியே சீனித்தம்பியிடம் கொடுத்துவிட்டாள். நேற்று மை வாங்கினவர், இன்றைக்குச் சோறு வாங்கினார்.

எங்கே வாசிக்கிறார்கள் என்பதைத் தாய் செபஸ்தியம்மாதான் சனிக்கிழமை தன்னையறியாமல் சொன்னாள். "உன்ட மாமி ஒரே அழுகை மனே. பிலிப்பு ஞாயிறு ஞாயிறு அந்தப் பூட்டிக் கிடக்கிற ஐஸ் பக்டரிக்குள்ள போய், ரெண்டு பேரோட கதவச் சாத்திக்கொண்டு இரிக்கானாம். வெளிய வாறபோது மூண்டு பேரும் வேர்த்து ஒழுகி, கண் சிவந்து வாறாங்களாம். சாராயம்தான் எண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வெச்சிரிக்கா."

"சாராயம் எண்டாத் தேவல" என்றாள் மார்கிறட்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்தாள். லாச்சியிலிருந்து எடுத்து வந்த பார்சல் கைப்பைக்குள் இருந்தது. கல்லடிப் பாலத்தடியில் எல்லாரையும்போல இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு சோதனை வரிசையில் நின்றாள். பையைத் துழாவிய சிப்பாய்க்கு இருபது வயது இருக்குமோ என்னவோ. கசற்றை எடுத்துப் பிரட்டிப் பார்த்தான்.

"இதுல பேச்சு?"

"பேச்சு இல்ல. இசை மட்டும்."

"பாட்டு இல்ல?"

"பாட்டு இல்ல."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதில் கேட்பதற்கு அவனுக்கு ஒன்றுமில்லை. பாலத்தின் நடுவே வந்த பிறகுதான், தன் கால் நடுங்கவில்லை என்பதை மார்கிறட் கவனித்தாள். மூன்று வருடத்தில் அந்த இடத்தை நடுங்காமல் கடந்தது அன்றுதான். அதை நினைத்துப் பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை. ஏசவேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு போனாள்.

அந்த ஐஸ் பக்டரி பிலிப்புவின் தகப்பனுடையது. கடலுக்குப் போகத் தடை, வாவிக்குப் போக நேரக்கட்டுப்பாடு, மீனே இல்லாத ஊரில் ஐஸ் யாருக்கு? இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்தது. குளிரறை மட்டும் அப்படியே இருந்தது. ஒரு அடி தடிப்புக்குக் கோர்க் தக்கை அடைத்த சுவர், இரும்புக் கதவு. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. ஒரு காலத்தில் உள்ளே நின்றால் பல் கிட்டிக்கொள்கிற குளிர், இப்போது ஆளை அவிக்கிற புழுக்கம்.

கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் திறந்தாள். மூன்று ஆண்பிள்ளைகள், இடுப்பில் மூன்று சாரம், மேலுக்கு ஒன்றுமில்லை. நடுவிலே வள்ளத்துப் பற்றறி இரண்டு, அதிலிருந்து போகிற வயர்கள். நல்லரத்தினம் கிற்றாரை மார்போடு அணைத்துக்கொண்டு சட்டையைத் தேடினான். பிலிப்புவின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

பார்சலைத் தூக்கி அவன் முன்னால் இருந்த மேளத்தின்மேல் எறிந்தாள். டமார் என்றது.

"இது என்னடா?"

"இது... இது நோர்வேக்கு அனுப்பின சாமான்" என்றான் பிலிப்பு. "உனக்கு எப்பிடிக் கிடைச்ச?"

"அதக் கேக்காத. மூண்டு பேரும் என்ன விட்டிட்டு வாசிக்கிறீங்க, சரி. வாசியுங்க. நான்தான் பாடமாட்டன் எண்டனான். ஆனா என்ட மூச்சுப் பிந்துறத என்னத்துக்குடா நக்கல் பண்ணுறீங்க? அந்த எட்டாவது எண்ணிக்கை என்னத்துக்கு? பாடுறதுக்கு அங்க ஆரு இரிக்கா?"

சொல்லச் சொல்லக் குரல் உடைந்துவிட்டது. உடைந்ததே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

பிலிப்பு குனிந்து குச்சியைத் தேடினான். மாஸ்டர் ஓகனைப் பார்த்தபடியே இருந்தார். கடைசியில், ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்குமேல் பேசாத நல்லரத்தினம்தான் பேசினான்.

"நக்கல் இல்லக்கா. எட்டாவத எடுத்துப் பாத்த நாங்க. மூணு மாசம் பாத்த. எடுத்தா மறுகா விழுந்துபோகுது."

"என்ன விழுந்துபோகுது?"

"எல்லாம்."

"கை போகுதில்ல மார்கிறட்" என்றான் பிலிப்பு. "ஏழில முடிப்பம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் தொடங்குவம். அந்த இடம் வந்தா மூண்டு பேரும் நிண்டிடுவம். நீ வாறதுக்கு. நீ இல்ல எண்டு தெரியும், ஆனா கைக்குத் தெரியுதில்லையே, நான் என்ன செய்ய? இவன் அழுதவன் கா, இந்த நல்லரத்தினம், போன மழைக்கு முந்தி ஒருநாள்."

"வேர்வை" என்றான் நல்லரத்தினம்.

மார்கிறட் கதவில் சாய்ந்தாள். ஏசுவதற்குக் கொண்டுவந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று வருடமாக அவள் அவர்களுக்காகக் காத்திருந்தாள், அவர்கள் இங்கே அவளுக்காக நின்று நின்று வாசித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் காத்திருந்தால் கலியாணம் எப்படி நடக்கும்?

"அப்ப வந்து கூப்பிட்டா என்னடா?"

அப்போதுதான் வல்லிபுரம் மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். நெற்றியோர முடி நரைத்துப் போயிருந்தது. முன்பு அவள் அதைப் பார்த்திருக்கவில்லை.

"அவங்க கூப்பிடுவம் எண்டுதான் நிண்டவங்க தங்கச்சி. நான்தான் மறிச்ச. உன்னட்ட வாறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. என்ட எழுத்துக்கு நீ போய் நாலு நாள் இருந்தாய். நான் இஞ்ச வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கொண்டு இருந்தன். அதுக்குப் புறகு ஒரு சொல் எழுதேலாமப் போயிற்று. பேனைய எடுத்தா, இந்தச் சொல்ல ஆர்ட கழுத்துல மாட்டப்போறன் எண்டு கை நிண்டிடும். அதுதான் சொல்லே இல்லாம வாசிப்பம் எண்டன். சொல் இல்லாட்டி ஒருத்தனும் ஒருத்தரையும் கொண்டுபோய் அர்த்தம் கேக்கமாட்டான்."

அவள் நிலத்தில், பற்றறிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள்.

"நாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னன் அண்ணன்" என்றாள். "முதல் நாள், மூன்றாம் வாசல் எண்டா மோட்சம் எண்டன். ரெண்டாம் நாள், மீனெண்டா எங்கட ஊர் பாடுமீன் எண்டன். ஒன்பது சாவிக்கு நவக்கிரகம் எண்டன். நான் வேதக்காரி, எனக்கேன் நவக்கிரகம் எண்டு கேட்டாங்க, முழிச்சுக்கொண்டு நிண்டன். அண்டையில இருந்து உங்களட்ட ஒண்டு கேக்கணும் எண்டு இரிக்கன். உண்மையில அதுக்கு என்ன அர்த்தம்?"

மாஸ்டர் முகத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு, ஒரு பிள்ளை களவெடுத்ததை ஒப்புக்கொள்கிறமாதிரி மெல்லச் சொன்னார்: "ஒரு அர்த்தமும் இல்ல புள்ள. ஏழுக்குள்ள சொல் அடங்கணும் எண்டுதான் பாத்த. முதல்ல எட்டுச் சாவி எண்டுதான் எழுதின. எண்ணிக்கைக்கு இடிச்சுது. அதால ஒன்பதாக்கின."

மார்கிறட் அவரையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். எட்டுச் சாவியாம்! எட்டென்று எழுதியிருந்தால் எட்டுக் கிரகத்துக்கு அவள் எங்கே போயிருப்பாள்? பிலிப்புவும் சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். அவள் எழும்பிப்போய் அவர் முதுகில் கையை வைத்தாள். மூன்று வருடம் முந்தி அந்தத் தேநீரைக் குடிக்காமல் போனதற்காக அவரோடு மனதுக்குள் போட்ட சண்டையெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்தது.

"அழாதயுங்க அண்ணன். வாசியுங்க, கேப்பம். கந்தோர் றெக்கோடரில ஒரு மண்ணும் ஒழுங்காக் கேக்கல்ல" என்று சொன்னாள். சொன்ன பிறகுதான், வெளியே சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்று நாக்கைக் கடித்தாள். பிலிப்பு அப்போதுதான் விளங்கிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான்.

குச்சியும் குச்சியும் நாலு தரம் முட்டின. அந்த அறைக்குள் அது அவள் நெஞ்சிலேயே முட்டியது. ஓகன் எழும்பியது, கிற்றார் நடக்கத் தொடங்கியது. ஏழு. ஏழு. ஏழு. எட்டு. எட்டாவது எண்ணிக்கையில் மூன்று பேருடைய தலையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் நிமிர்ந்து, அவள் நிற்கவேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அங்கே ஒன்றுமில்லை, மீன் போடுகிற ஒரு பழைய மரப்பெட்டி மட்டும் இருந்தது. தாங்கள் பார்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இதைக் கசற்றில் கேட்க முடியாது. மார்கிறட் நடந்துபோய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

பயமாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் அந்தக் குரல் வரும், 'இதுக்கு என்ன அர்த்தம்.' வரட்டும், கேட்கட்டும். சொல்லே இல்லாத ஒன்றுக்கு எவன் அர்த்தம் கேட்பான்? தொண்டையும் ஒரு வாத்தியம்தானே? ஏழு. பிலிப்பு அவளைப் பார்க்காத மாதிரிப் பார்த்தான். ஏழு. ஏழு. நாலாவது சுற்றில் ஏழு முடிந்ததும் முடியாததுமாக, வெறும் 'ஆ' என்று ஒரு குரல் அந்தக் கோர்க் சுவருக்குள் எழும்பியது. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த குரல், கொஞ்சம் துரு, கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அவளுடையதுதான்.

அவ்வளவுதான், எல்லாம் குலைந்தது! எட்டாவது எண்ணிக்கைக்குக் காத்து நின்ற பிலிப்புவின் குச்சி வெறுங்காற்றில் அடித்தது. நல்லரத்தினத்தின் விரல் இரண்டு கம்பிக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மாஸ்டரின் ஒட்டுகிற கட்டை ஒட்டியபடியே நின்று ஊளையிட்டது. அவள் மட்டும் தாளத்தோடு சரியாக நின்றாள்.

"அடி கோதாரி!" பிலிப்பு குச்சியைத் தூக்கி எறிந்தான், பழைய எறி. "பதினஞ்சு வருசமாப் பிந்தி வந்தவள், இண்டைக்கு மட்டும் என்னத்துக்குகா நேரத்துக்கு வந்தாய்?"

மார்கிறட் குச்சியைப் பொறுக்கி, அவனுக்கே திருப்பி எறிந்தாள்.

"மூண்டு வருசமா மூச்ச இழுத்து வெச்சுக்கொண்டுதானேடா இரிக்கன்!"

அவன் கண் நிறைந்துவிட்டது. சமாளிப்பதற்கு மேளத்தின் ஆணியைத் திருகினான்.

"அப்ப எட்டாவத எடுத்திடுவமாக்கா?" என்று நல்லரத்தினம் கேட்டான். அன்றைய கணக்குக்கு அவன் பேசியது மெத்தக் கூட.

"எடுத்துப் பார், கைய முறிப்பன்." பார்சலைத் தன் கைப்பைக்குள் திரும்பப் போட்டாள். "இத அனுப்பேலாது. சோதனையில நிண்டிட்டு. புதுசா ஒண்டு எடுத்துத் தாங்க, நானே குறிப்பெழுதுறன். சொல் ஒண்டும் இல்ல எண்டு."

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓகனுக்கு நேரே நிமிர்ந்து இருந்தார். பிலிப்பு நாலு தட்டுத் தட்டினான். ஏழு, ஏழு, ஏழு என்று போய், அந்த இடம் வந்தபோது நாலு பேரும் நின்றார்கள். மார்கிறட் ஆறுதலாக, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள். சரியாக ஒரு எண்ணிக்கை பிந்தி வந்து சேர்ந்தாள்.